இரட்டையாய் விழும் எழுத்து

இந்த ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப் வாங்காமல் வீடு திரும்பினால் இனி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஊசியம்மா அன்று செருப்பை மாட்டினாள். இது நான்காவது ஞாயிறு. மூன்று கடைகள் ஏறி இறங்கியாகிவிட்டது. அவள் கணவருக்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஒன்றில் விசை மெத்தென்று இருக்கிறது. இன்னொன்றில் கல் மாதிரி இருக்கிறது. மற்றொன்றில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கடைசியாகப் பார்த்த ஒன்றுக்கு எந்தக் குறையும் அகப்படாமல், "நிறம் ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பெண் பார்க்கப் போனபோதுகூட இந்த மனிதர் இத்தனை நொட்டை சொல்லவில்லை. பார்த்ததும் சரி என்றுவிட்டார்.

ஊசியம்மா என்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு விழுந்த பெயர். இருபத்திரண்டு வருடமாக அங்கே ரத்தம் எடுக்கிறாள். குழந்தை அழலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். நரம்பே தட்டுப்படாத கைகளை மற்றவர்கள் அவளிடம் தள்ளிவிடுவார்கள். அவள் கையைப் பிடித்து, கண்ணை மூடாத குறையாக விரலால் தடவிப் பார்த்து, "இதோ இருக்காரு" என்று நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் கணவரைக் கையேட்டுக்காரர் என்பார்கள். புதிதாக வாங்கிய சாமானின் பெட்டியைத் திறந்ததும் மேலாகக் கிடக்குமே, யாரும் படிக்காமல் இழுப்பறையில் போட்டு வைக்கும் சின்னப் புத்தகம், அதைத் தமிழில் எழுதித் தருவது அவர் வேலை. சலவை இயந்திரம், தண்ணீர் சுத்திகரிப்பான், தலைமுடி உலர்த்தி என்று எத்தனையோ வீடுகளின் சாமான்களுக்கு அவர்தான் வாய். வீட்டின் பின்னறையில் சுவரைப் பார்த்த மேசையில், பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்வார். அவள் வேலை முடிந்து வந்தால் முதலில் கண்ணில் படுவது அவர் முதுகுதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் ஒரு நாள், "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு. ஒரு தடவை அடிச்சா மூணு தடவை விழுது" என்று அலுத்துக்கொண்டார். அனுப்பிய வேலை இரண்டு முறை திரும்பி வந்துவிட்டதாம். அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

"அப்போ எங்க வேணா தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு வாங்குவோம். சமையல்கட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்து அடிங்க. எனக்கும் உங்க மூஞ்சியைப் பார்த்த மாதிரி இருக்கும்."

"என் மூஞ்சியில அப்படி என்ன இருக்கு பார்க்க?"

"இப்போ தாடி இருக்கு" என்றாள்.

நான்கு மாதமாகத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார். அறிவாளி மாதிரி தெரியவா என்று அவளும், வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளும் மாறி மாறிக் கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள்.

லேப்டாப் என்றதும் மகள் ஒற்றைக் காலில் நின்றாள். இத்தனை நினைவகம் வேண்டும், திரை இந்த அளவுக்குக் குறையக் கூடாது, எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று போனில் பட்டியல் போட்டு அனுப்பினாள். ஊசியம்மா அதைத் தாளில் எழுதி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பாதி புரியவில்லை. ஆனாலும் கடைக்காரர் முன்னால் தாளை விரித்தால் கொஞ்சம் மரியாதை கிடைக்கத்தான் செய்தது.

நான்காவது கடை இரண்டு மாடி. உள்ளே குளிர்ச்சியாக, சத்தமே இல்லாமல் இருந்தது. நீளமான மேசைகளில் வரிசையாக மடிக்கணினிகள் திறந்து கிடந்தன. நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி வந்தாள். மகளைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இது யாரு எழுதினது?"

"எங்க பொண்ணு."

"பொண்ணுக்கு வேண்டியது தெரிஞ்சுது. சாருக்கு என்ன வேணும்? ஒரு நாள்ல என்னென்ன செய்வீங்க சார்?"

"எழுதுவேன்" என்றார் அவர். "அவ்வளவுதான்."

"எங்க உட்கார்ந்து எழுதுவீங்க? கையில தூக்கிட்டு அலைவீங்களா? ஒரே மூச்சா எவ்வளவு நேரம் அடிப்பீங்க?"

"நானே அடிச்சுப் பார்த்துக்கிறேனேம்மா" என்று சொல்லி அவர் வரிசையின் முதல் கணினி முன்னால் போய் நின்றுகொண்டார். அந்தப் பெண்ணும் விலகி நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது. ஊசியம்மா பேச வசதியாகக் கண்ணாடிக் கதவுப் பக்கம் ஒதுங்கினாள்.

"வாங்கியாச்சா?"

"உங்கப்பா இப்போதான் நின்னிருக்காரு. இனி மோந்து பார்த்து, தட்டிப் பார்த்து, நிறம் சரியில்லைன்னு வந்துடுவாரு."

"அம்மா, இந்தத் தடவை நீங்களே ஒண்ணை எடுத்துட்டு வந்துடுங்க. அவர்கிட்ட விட்டா விடியாது."

சரி என்று போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் அவர் மூன்றாவது கணினிக்கு நகர்ந்திருந்தார். முதல் கணினியின் திரையில் அவர் அடித்தது அப்படியே இருந்தது. எந்தக் கையேட்டின் முதல் பக்கத்திலும் இருக்கும் வரிதான் அது.

'பயன்படுத்த்த்தும் முன்ன்ன் இந்தக் கையேட்டை முழுமையாகப்ப் படிக்க்கவும்ம்ம்.'

பாவம், இந்தக் கடைச் சரக்கும் கோளாறுதான் என்று நினைத்தாள். அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் அதே வரி. அதே மாதிரி, ஒன்று கேட்ட இடத்தில் இரண்டும் மூன்றுமாக விழுந்த எழுத்துகள். அழிக்காமலே அடுத்ததுக்கு நகர்ந்திருந்தார் போலிருக்கிறது.

எல்லாக் கணினிக்கும் ஒரே கோளாறு வருமா?

தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் கடைப் பெண்ணிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். இடது கை மேசையில் ஊன்றியிருந்தது. வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று, கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டுவது போல, மெதுவாக அசைந்துகொண்டே இருந்தன.

இந்த உருட்டலை அவளுக்குத் தெரியும். மாதத்துக்கு நாலைந்து பேர் இந்தக் கையோடு அவள் நாற்காலியில் வந்து உட்காருவார்கள். அவர்கள் மணிக்கட்டைத் தன் முழங்கைக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊசி போட அவளுக்கென்று ஒரு வழி உண்டு. அந்தக் கைகள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தன. இந்தக் கையை மட்டும் பார்க்கவில்லை.

நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ஷேவ் செய்ய முடியாமல் வளர்ந்த தாடி. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பது. போன மாதம் வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை போடச் சொன்னபோது, "பேனா சரியில்ல" என்று அவர் சிரித்தது. சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டே வைத்துத் தலைவழியாக மாட்டிக்கொள்வது. சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவில்லையா என்று அதற்கு அவள் திட்டியது.

அவர் அவளைப் பார்த்துவிட்டு, "இதுவும் சரிப்பட்டு வராது போல" என்றார்.

கோபம் வரவேண்டிய இடம். அவள், "கால் வலிக்குது. மேல டீ கிடைக்குமாம், வாங்க" என்றாள்.

மாடியில் ஓரமாக நாலு மேசைகள் போட்டிருந்தார்கள். அவள் போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். அவருடையதைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று சொல்லி வாங்கியிருந்தாள். அவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் மேசை மேல் கையை நீட்டினாள். "கொடுங்க."

"எதை?"

"கையை."

"இங்கயா? சுத்திலும் ஆளுங்க."

"ஒரு நாளைக்கு நாப்பது பேர் கையைச் சுத்திலும் ஆள் இருக்கத்தான் பிடிக்கிறேன். கொடுங்க."

அவர் வலது கையை மேசைக்கடியிலிருந்து எடுத்து வைத்தார். அவள் அதைத் தன் இரண்டு கைக்குள் மூடிக்கொண்டாள். உள்ளே அது ஒரு குருவி மாதிரி துடித்தது.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம் இருக்கும்."

"எட்டு மாசம்!" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலை இறக்கினாள். "ஏங்க சொல்லல?"

அவர் டீயைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"நீ காலையிலேருந்து அடுத்தவங்க கையையே பிடிச்சுட்டு வர்றே. வந்து செருப்பைக் கழட்டினதும், இந்தா இதையும் பாருன்னு நானும் ஒண்ணை நீட்டணுமா?"

அவள் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார். "நம்ம கம்ப்யூட்டர் கெட்டுப்போகல. அது நல்லாத்தான் இருக்கு. வேலை திரும்பி வந்தப்போ அது மேல பழியைப் போட்டுட்டேன். நீ உடனே புதுசு வாங்கலாம்னு கிளம்பிட்டே."

"அப்புறம் எதுக்கு நாலு வாரமா என்னைக் கடை கடையா இழுத்தடிச்சீங்க?"

"சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துடுச்சு. ஒருவேளை நிஜமாவே கம்ப்யூட்டர்தானோ? புதுசுல அடிச்சா சரியா விழுமோ? ஒவ்வொரு கடையிலயும் முதல் எழுத்தை அடிக்கிற வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

பல கடைகளில் பல கணினிகள் முன்னால் அவர் தனியாக நின்று ஒரே வரியை அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார். அவள் அந்த நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறாள்.

"குடிங்க, ஆறிடும்" என்றாள். அவர் இரண்டு கையாலும் எடுத்தார். அவளும் இரண்டு கையால் தன் கோப்பையை எடுத்தாள். வேண்டுமென்றுதான். அவர் அதைக் கவனித்துவிட்டு, "ரொம்பத்தான்" என்றார். அன்றைக்கு முதல் முறையாக இருவரும் சிரித்தார்கள்.

குடித்து முடித்ததும் அவர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தார். அவள் எழவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். அது நாளைக்கு. இன்னைக்கு வந்த வேலை இன்னும் முடியல."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு என்னத்தை வாங்குறது?"

"இந்தக் கைக்கு எது சரிப்படுமோ அதை வாங்குறது. நல்ல கைக்கு வாங்கத்தான் இத்தனை நாள் அலைஞ்சோம்."

கீழே அந்தப் பெண் அவர்களை எதிர்பார்க்கவில்லை. திரைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த வரிகளை அவள் படித்திருப்பாள் என்று ஊசியம்மாவுக்குத் தோன்றியது. தானே பேசிவிட வாயெடுத்தாள். ஆனால் கையேட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"என் கை நடுங்கும்மா. அதான் எழுத்து இரட்டை இரட்டையா விழுது. உங்க மெஷின் மேல தப்பில்ல."

வெளியாள் ஒருத்தியிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை ஊசியம்மா பார்த்தாள்.

அந்தப் பெண் ஐயோ என்றும் சொல்லவில்லை, அச்சச்சோ என்றும் சொல்லவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். அப்போ இந்த வரிசையே வேண்டாம், இங்க வாங்க" என்று செருப்புக் கடையில் அளவு தவறிய ஜோடியை ஒதுக்கி வைப்பது போல அத்தனை லேப்டாப்பையும் ஒதுக்கிவிட்டு நடந்தாள்.

அவள் எடுத்து வைத்தது ஒரு டேப்லட். பெரிய திரை. பின்னால் மடக்கு கால் ஒன்று வைத்து நிமிர்த்தி நிறுத்தலாம். கூடவே தனியாக ஒரு விசைப்பலகை, குழந்தைகள் எழுத்துப் பழகும் கட்டைகள் மாதிரி அகலமான விசைகளோடு. விசைகளுக்கு நடுவே விரல் வழுக்காமல் இருக்க ஒவ்வொரு விசைக்கும் ஓர் ஓட்டை விட்ட மேல்தட்டு ஒன்று. டேப்லட்டின் அமைப்புகளுக்குள் போய் எதையோ மாற்றினாள்.

"இப்போ ஒரு எழுத்தை அழுத்திப் பிடிச்சுட்டே இருந்தாலும் ஒரு தடவைதான் விழும். தெரியாம விரல் பட்டா விழவே விழாது. அடிச்சுப் பாருங்க."

அவர் அடித்தார். மெதுவாகத்தான். ஊசியம்மா பக்கத்தில் நின்று திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'முன்' என்பது 'முன்' என்றே விழுந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை சோர்ந்துட்டா பேசுங்க சார். அதுவே எழுதிக்கும்" என்று அந்தப் பெண் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யவும்" என்றார். கையேட்டுத் தமிழ் அச்சுப் பிசகாமல் திரையில் வந்து நின்றது.

"அடேயப்பா, நம்ம வீட்டு வடிகட்டியை ஒரு தடவையாவது கழட்டியிருக்கீங்களா நீங்க?" என்றாள் ஊசியம்மா.

அதுவும் அடுத்த வரியாக வந்து நின்றது. கடைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஊசியம்மா சும்மா விடவில்லை. ஒரு கையால் தூக்கினால் நழுவுமா, கீழே விழுந்தால் தாங்குமா, உறை எது, மின்னூட்டம் எத்தனை மணி நேரம் நிற்கும், மின்கம்பியை நுழைக்கும் துளை இத்தனை சின்னதாக இருந்தால் எப்படிச் சொருகுவது என்று கேள்வி மேல் கேள்வி. கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண், சொருகவே வேண்டாம், மேலே நிற்க வைத்தாலே ஏறிவிடும் என்று ஒரு பீடத்தை எடுத்து வந்தாள். மகளின் தாள் கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

மறுநாள் மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு தாளில் வட்டம் போடச் சொன்னார். பார்க்கின்சன் நோயின் தொடக்கமாகத்தான் இருக்கும் என்றார். வேறு காரணம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளச் சில ரத்தப் பரிசோதனைகளும் எழுதினார். மாத்திரை இருக்கிறது, நன்றாகவே கேட்கும், ஆனால் போகிற நோயில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். மகளுக்குப் போன் செய்து கையேட்டுக்காரரே சொன்னார். அவள் அந்தப் பக்கம் அழுதாள். பிறகு, "தாடியைக் கேலி பண்ணியிருக்க வேண்டாம்பா" என்றாள். "தாடி எனக்கு நல்லாத்தான் இருக்கு, நீங்க ரெண்டு பேரும்தான் ரசனையில்லாதவங்க" என்றார் அவர்.

ரத்தம் கொடுக்க ஊசியம்மாவின் நிலையத்துக்கே வந்தார். வேறு யாராவது எடுக்கட்டும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இத்தனை வருடத்தில் அவருக்கு அவள் ஊசி போட்டதே இல்லை. அவர் வரிசையில் இரண்டு பேரை முன்னால் விட்டுவிட்டு அவள் நாற்காலி காலியாகும்வரை காத்திருந்து வந்து உட்கார்ந்தார்.

"பேரு?" என்றாள், சீட்டைப் பார்த்தபடி.

"உங்க வீட்டுக்காரரு."

"வயசு?"

"உங்களுக்கே தெரியும்."

அவள் அவர் மணிக்கட்டைத் தன் முழங்கைக்குள் அணைத்துப் பிடித்தாள். கை அவள் விலாவில் துடித்தது. நரம்பை விரலால் தேடினாள். எந்தக் கையிலும் ஒரு தடவைக்கு மேல் தேடாத விரல், அன்றைக்கு இரண்டு தடவை தேடியது. அவர் வேறு பக்கம் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுதா?"

"போட்டாச்சா?" என்றார்.

அவள் பஞ்சை வைத்து அழுத்தினாள். வழக்கமாக நோயாளியையே அழுத்திக்கொள்ளச் சொல்வாள். அன்றைக்குத் தானே பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர் இரண்டு தடவை இருமிக் காட்டினார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாத்திரை கேட்கத் தொடங்கச் சில வாரமானது. நடுக்கம் முழுதாக நிற்கவில்லை, அடங்கியது. டேப்லட் சமையல்கட்டுக்கு அடுத்த சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. காலையில் அகல விசைகளில் அடிப்பார். மதியத்துக்கு மேல் பேசுவார். "மின் இணைப்பைத் துண்டிக்கவும் முற்றுப்புள்ளி" என்று அவர் சொல்லும்போது, காய் நறுக்கிக்கொண்டே அவள் ஏதாவது பேசிவிடுவாள். ஒரு முறை ஒரு சலவை இயந்திரக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில், "வெங்காயம் தீர்ந்துபோச்சு, போய் வாங்கிட்டு வாங்க" என்ற அறிவுரையும் போய்ச் சேர்ந்துவிட்டது. நிறுவனத்திலிருந்து சிரித்துக்கொண்டே போன் செய்தார்கள். அதிலிருந்து அவர் பேசத் தொடங்கும் முன் விரலை உயர்த்துவார், அவள் வாயை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம்தான் மூடியிருப்பாள்.

எல்லா நாளும் அப்படி இல்லை. சில நாள் குரல் உள்வாங்கிக்கொள்ளும். அவர் சொல்வது டேப்லட்டுக்குக் கேட்காது. 'கதவு' என்றால் 'கனவு' என்று எழுதும். விசையும் அன்றைக்குப் பிடி கொடுக்காது. அப்படியான ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது அவர் திரையை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு பாக்கி?"

"மூணு பக்கம். நாளைக்குக் காலையில கொடுக்கணும். முடியாதுன்னு சொல்லிடலாம்."

அவள் கை கழுவிவிட்டு வந்து, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். டேப்லட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"உனக்கு அடிக்கத் தெரியாதே."

"தேடித் தேடி அடிக்கிறேன். இங்கதானே எங்கயாவது இருக்கும்."

அவர் அவள் காதருகே குனிந்தார். டேப்லட்டுக்குக் கேட்காத குரல் அவளுக்குக் கேட்டது. "பாதுகாப்புக் குறிப்புகள்" என்றார்.

அவள் ஒற்றை விரலால் 'பா' அடித்தாள். 'து' எங்கே இருக்கிறது என்று தேடினாள். வெளியே தெருவிளக்கு எரிந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்" என்றார்.

"இருங்க, இருங்க. இன்னும் குறிப்புக்கே வரல" என்றாள் ஊசியம்மா.